ஆபிஸ் கணினியில் கொடுத்த பிரின்ட் வீட்டில் வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆபிஸ் கணினிக்குள் போய் வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாள் முழுக்க எல்லாம் ஒழுங்காக நடக்கும், கடைசியில் ஒரே ஒரு பக்கம் பிரின்ட் எடுக்க வேண்டும் என்றால் மட்டும் அரை மணி நேரம் போய்விடும். இரண்டு பக்கமும் விண்டோஸ் என்று வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன், மற்றவை கீழே தனியாக வருகின்றன. மெனு பெயர்களைத் திரையில் இருப்பதுபோலவே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

ஆபிஸ் கணினி எங்கோ இருக்கிறது, பிரின்டர் என் மேசையில் இருக்கிறது. பிரின்ட் எந்த வழியாக வருகிறது?

ஆபிஸ் கணினிக்கு உங்கள் பிரின்டரைப் பற்றி நேரடியாக ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இப்போது தன்னோடு இணைந்திருக்கும் உங்கள் லேப்டாப் மட்டும்தான். இணையும் நேரத்தில் லேப்டாப் தன்னிடம் இருக்கும் பிரின்டர்களின் பெயர்களைச் சொல்கிறது, ஆபிஸ் கணினி அதே பெயர்களில் தன் பட்டியலில் தற்காலிகமாகப் பிரின்டர்களை உண்டாக்கிக்கொள்கிறது. நீங்கள் பிரின்ட் கொடுத்தால் அந்த வேலை (பிரின்ட் ஜாப்) முதலில் ஆபிஸ் கணினியின் பிரின்ட் வரிசையில் (க்யூ) நிற்கும், அங்கிருந்து ரிமோட் இணைப்பு வழியாக லேப்டாப்புக்கு வந்து லேப்டாப்பின் வரிசையில் நிற்கும், அதற்கப்புறம்தான் யுஎஸ்பியிலோ வைஃபையிலோ பிரின்டருக்குப் போகும்.

விண்டோஸ் சர்வர் 2008, விண்டோஸ் 7 காலத்திலிருந்து இதற்கு ஈஸி பிரின்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் உங்கள் பிரின்டருக்கான டிரைவர் (கணினி பிரின்டரோடு பேச உதவும் மென்பொருள்) ஆபிஸ் கணினியிலும் இருந்தாக வேண்டும். இப்போது தேவையில்லை, பக்கம் எக்ஸ்பிஎஸ் என்ற வடிவத்தில் லேப்டாப்புக்கு வருகிறது, லேப்டாப்பில் இருக்கும் டிரைவர் அதை அச்சடிக்கிறது.

ஆக, ஒரே பிரின்டருக்கு இரண்டு வரிசைகள். பிரின்ட் வரவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வேலை எந்த வரிசையில் நிற்கிறது? இது தெரியாமல் டிரைவரை அழித்து மறுபடி போடுவதும், ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதும் வீண் அலைச்சல்.

சரி, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ரிமோட் ஜன்னலைச் சுருக்கிவிட்டு, லேப்டாப்பிலேயே நோட்பேடைத் திறந்து இரண்டு வார்த்தை அடித்துப் பிரின்ட் கொடுங்கள். வேலை நேரத்தில் விபிஎன் (ஆபிஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு) ஓடும் என்றால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கொடுங்கள், அதை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அந்தச் சோதனை செல்லாது. இங்கேயே வரவில்லை என்றால் ஆபிஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வீட்டுக்குள் சரிசெய்ய வேண்டிய விஷயம்.

வந்துவிட்டால், ரிமோட்டுக்குள் போய் அங்கேயும் நோட்பேட், அதே இரண்டு வார்த்தை. எக்செல், கணக்கு எழுதும் டேலி எதையும் இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். நோட்பேடில் வந்து எக்செலில் வரவில்லை என்றால் வழி திறந்துதான் இருக்கிறது, கோளாறு அந்த மென்பொருள் பிடித்து வைத்திருக்கும் பிரின்டர் பெயரிலோ பக்க அமைப்பிலோ.

ரிமோட் நோட்பேடிலும் வரவில்லை என்றால் இரண்டு கணினியிலும் "செட்டிங்ஸ்", "புளூடூத் அண்ட் டிவைசஸ்", "பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்" போய் அந்தப் பிரின்டரைத் தொட்டு "ஓப்பன் பிரின்ட் க்யூ" கொடுத்து இரண்டு வரிசைகளையும் திறந்து வையுங்கள். நல்லபடியாக நடந்தால் வேலை ஆபிஸ் வரிசையில் ஒரு கணம் தெரிந்து மறையும், உடனே வீட்டு வரிசையில் தெரியும். ஆபிஸ் வரிசையிலேயே கிடந்தால் ரிமோட் இணைப்பு அதைக் கடத்தவில்லை. ஆபிஸில் மறைந்து வீட்டில் தலைகாட்டவே இல்லை என்றால் லேப்டாப்பில் இருக்கும் டிரைவர்தான் என் முதல் சந்தேகம், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். வீட்டு வரிசையில் வந்து நின்றுவிட்டால் லேப்டாப்புக்கும் பிரின்டருக்கும் நடுவில் பாருங்கள்.

ஆபிஸ் கணினியின் பட்டியலில் என் பிரின்டரே இல்லை.

பெரும்பாலும் ஒரு டிக் தான் காரணம். ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் ஜன்னலில் ஆபிஸ் கணினியின் பெயரை அடித்து உடனே கனெக்ட் கொடுத்துவிடாமல், கீழே "ஷோ ஆப்ஷன்ஸ்" என்பதைத் தொட்டு, "லோக்கல் ரிசோர்சஸ்" தாவலுக்குப் போங்கள். அங்கே "பிரின்டர்ஸ்" என்ற பெட்டியில் டிக் இருக்க வேண்டும். ஏற்கெனவே இணைந்திருந்தால் டிக் போட்டால் மட்டும் போதாது, துண்டித்துவிட்டு மறுபடி இணைய வேண்டும்.

ஆபிஸ் ஐடியில் (கணினிகளைக் கவனிக்கும் பிரிவில்) ஒரு ஃபைல் கொடுத்து, அதை இரட்டை கிளிக் செய்து நுழையச் சொல்லியிருந்தால் டிக் அந்த ஃபைலுக்குள்தான் இருக்கும். ஃபைலை வலது கிளிக் செய்து "எடிட்" கொடுத்தால் அதே தாவல்கள் வரும். அந்த ஃபைலைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கைப் பெட்டி வருமே, அதிலும் பிரின்டருக்கு ஒரு டிக் இருக்கும். அவசரத்தில் அதைப் படிக்காமல் கனெக்ட் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் நிறைய பேர், ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள்.

டிக் எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் ஆபிஸ் பக்கத்தில் மூன்று சாத்தியம். அங்கே பிரின்ட் வரிசையை நடத்தும் பிரின்ட் ஸ்பூலர் சேவை நின்றிருக்கலாம். "ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் யூசர்மோட் போர்ட் ரீடைரக்டர்" என்ற நீளமான பெயர்கொண்ட சேவை நின்றிருக்கலாம், பிரின்டரை இங்கிருந்து அங்கே கொண்டுபோய் நிறுத்துவது அதுதான். மூன்றாவது, ஐடி எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்து வைக்கும் நிர்வாகக் கொள்கையில் (குரூப் பாலிசி) "டு நாட் அலவ் கிளையன்ட் பிரின்டர் ரீடைரக்ஷன்" என்பதை இயக்கி வைத்திருக்கலாம். மூன்றுமே உங்கள் கையில் இல்லை, ஐடியைத்தான் கேட்க வேண்டும்.

வேண்டுமென்றே மூடி வைத்திருப்பார்களா?

ஆமாம், வங்கி, இன்சூரன்ஸ், மருத்துவப் பில்லிங், கால் சென்டர் மாதிரி இடங்களில் இது சாதாரணம். வாடிக்கையாளர் விவரம் காகிதமாக ஒருவர் வீட்டுக்குள் போகக் கூடாது என்பதுதான் நோக்கம், அது நியாயமானதும்கூட. இந்தியாவில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிறுவனங்களுக்கு இந்த அக்கறை கூடியிருக்கிறது.

மூடியிருப்பது தெரிந்தால் சுற்றுவழி தேடாதீர்கள். திரையை ஃபோனில் படம் எடுத்து அதைப் பிரின்ட் போடுவது, ஃபைலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பித் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுப்பது, இதெல்லாம் வேலைக்கே உலை வைக்கும். கடைக் கணினியில் மெயிலைத் திறந்து டவுன்லோட் செய்த ஃபைல் நீங்கள் வீடு வந்த பிறகும் அங்கேயேதான் கிடக்கும். காகிதம் நிஜமாகவே தேவை என்றால் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், தேவைப்படும் ஆட்களுக்கு மட்டும் திறந்துவிடவும் வழி இருக்கிறது.

பிரின்ட் ஆபிஸ் பிரின்டருக்குப் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் ஃபோனை எடுங்கள். சம்பளப் பட்டியலோ யாருடைய மருத்துவச் சான்றோ ஆபிஸ் பிரின்டரின் தட்டில் கிடந்தால் அதைக் கையோடு எடுத்து வைக்க ஒரு ஆள் வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

காரணம் இதுதான். வழக்கமாக, லேப்டாப்பில் எது முதன்மைப் பிரின்டரோ அதுவே ரிமோட்டுக்குள்ளும் முதன்மையாக வரும். ஆனால் இதைத் தடுக்கும் கொள்கை ஒன்று இருக்கிறது, அதை ஐடி இயக்கியிருந்தால் ஆபிஸ் பிரின்டரே முதன்மையாக நீடிக்கும். அதுபோக விண்டோஸில் "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரின்டர்" என்று ஒரு வசதி, அது கடைசியாக எதில் பிரின்ட் எடுத்தீர்களோ அதை முதன்மையாக்கிவிடும். இரண்டு கணினியிலும் அதை அணைத்துவிட்டு நீங்களே முதன்மைப் பிரின்டரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மென்பொருளில் இருக்கும் பிரின்டர் பொத்தானை நேரடியாக அழுத்தாமல் கன்ட்ரோல் பி கொடுத்து, பெயரைக் கண்ணால் பார்த்து, அப்புறம் பிரின்ட் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இந்தச் சங்கடமே வராது.

நேற்று வந்த பிரின்ட் இன்று டேலியில் வரவில்லை. எதையும் மாற்றவில்லையே?

நீங்கள் மாற்றவில்லை, பெயர் மாறிவிட்டது. ரிமோட்டுக்குள் உங்கள் பிரின்டரின் பெயருக்குப் பின்னால் "ரீடைரக்டட் 2" என்பதுபோல ஒரு எண் ஒட்டியிருக்கும். அது உங்கள் அமர்வின், அதாவது செஷனின், எண். நாளை வேறு அமர்வில் நுழைந்தால் 3 ஆகவோ 5 ஆகவோ இருக்கும். முதன்மைப் பிரின்டர் எதுவோ அதில் அடி என்று விட்டுவிடும் மென்பொருளுக்கு இது பிரச்சினை இல்லை. பிரின்டரின் பெயரை எழுத்துக்கு எழுத்து நினைவில் வைத்துக்கொள்ளும் கணக்கு மென்பொருள்கள், பழைய பில்லிங் மென்பொருள்கள்தான் மாட்டிக்கொள்ளும். அவை "ரீடைரக்டட் 2" எங்கே என்று தேடும், அது இனி இல்லை.

பிரின்ட் கொடுக்கும் திரையில் உள்ள கன்ஃபிகர் பகுதிக்குப் போய் பிரின்டரை மறுபடி தேர்ந்தெடுத்தால் அன்றைக்கு வேலை முடியும். நிரந்தரமாக வேண்டும் என்றால், மென்பொருளில் "டீஃபால்ட் பிரின்டர்" என்று வைக்க இடம் இருந்தால் அப்படி வைத்துவிட்டு, லேப்டாப்பில் வீட்டுப் பிரின்டரை முதன்மையாக்கி விடுங்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டு மட்டும் போகாமல் மாலையில் முறையாக சைன் அவுட் கொடுப்பதும் உதவும், பழைய அமர்வுகளின் மிச்சம் பட்டியலில் குவியாமல் இருக்கும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் ஒரு பில் அடிக்க யுகமாகிறது, எழுத்தும் பொடிப்பொடியாக வருகிறது.

வீட்டிலிருந்து கணக்கு எழுதும் அக்கவுன்டன்டுகள் நிறைய பேர் கேட்பது இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எத்தனை தடவை டிரைவர் மாற்றினாலும் பலன் இருக்காது.

டாட் மேட்ரிக்ஸ் வேகமாக ஓடுவது எப்போது? கணினி வெறும் எழுத்துக்களை அனுப்பி, பிரின்டர் தன்னிடம் இருக்கும் எழுத்துருவில் தானே அடித்துக்கொள்ளும்போது. ஈஸி பிரின்ட் அப்படி அனுப்பாது. அது பக்கத்தை எக்ஸ்பிஎஸ் ஆக மாற்றித்தான் அனுப்பும், லேப்டாப் அதைப் புள்ளி புள்ளியாகப் படம்போல வரைந்து பிரின்டருக்குத் தரும். ஊசித்தலை ஒரே வரியில் பலமுறை போய்வர வேண்டும். அதனால்தான் மெதுவாகிறது, எழுத்து வெளிறுகிறது, மூன்று நகல் கார்பன் தாளில் அடிநகல் தெரியாமல் போகிறது. பார்கோடு லேபிள் அடிக்கும் தெர்மல் பிரின்டரிலும் இதே கதை, பிரின்டரின் சொந்தக் கட்டளை மொழியில் அனுப்பும் மென்பொருள் ஈஸி பிரின்டைத் தாண்டி வராது.

இதற்குச் சரியான வழி, அதே பிரின்டரின் டிரைவரை ஆபிஸ் கணினியிலும் போட்டு, "யூஸ் ரிமோட் டெஸ்க்டாப் ஈஸி பிரின்ட் பிரின்டர் டிரைவர் ஃபர்ஸ்ட்" என்ற கொள்கையை ஐடி அணைத்துவிடுவது. டிரைவரின் பெயர் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் பொருந்தாது. அதன்பின் டேலியில் நீட் மோட் என்ற அச்சு வடிவத்தை விட்டுவிட்டு டாட் மேட்ரிக்ஸ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐடி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வீட்டில் ஒரு சின்ன இங்க் டேங்க் பிரின்டரில் ஏ4 தாளில் பில் அடிப்பதுதான் நிம்மதி, கார்பன் நகல் கட்டாயம் வேண்டும் என்பவர்களைத் தவிர.

டிரைவர் போடப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. முன்பெல்லாம் கேட்காதே?

ஆபிஸின் நெட்வொர்க் பிரின்டர் என்றால் பெரும்பாலும் கேட்காது, 2021 வரைக்கும். அந்த வருடம் ஜூலையில் பிரின்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை பெரிதாக வெளிப்பட்டது, சிவிஇ-2021-34527 என்பது அதன் பதிவு எண். பிரின்ட் ஸ்பூலர் வழியாகவே ஒரு கணினியை முழுசாகக் கைப்பற்ற முடிந்தது. ஆகஸ்ட் 10-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விட்ட அப்டேட்டுக்குப் பிறகு, நெட்வொர்க் பிரின்டர்களுக்கு டிரைவர் போடுவது நிர்வாகிகளுக்கு மட்டும் என்று ஆனது. பல நிறுவனங்கள் சர்வர்களில் ஸ்பூலர் சேவையையே நிறுத்தின. உங்கள் ஐடி ஆட்கள் பிடிவாதம் பிடிப்பதாக நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. நல்ல செய்தி, சாதாரண லேசர், இங்க்ஜெட் பிரின்டர்களுக்கு ஆபிஸ் பக்கத்தில் டிரைவரே தேவையில்லை.

விபிஎன் போட்ட அடுத்த கணம் பிரின்டர் ஆஃப்லைன் ஆகிவிடுகிறது.

வைஃபையில் இருக்கும் பிரின்டர்தானே? அப்படியென்றால் இது கோளாறு இல்லை, விபிஎன் அமைக்கப்பட்டிருக்கும் விதமே அப்படி. ஃபுல் டனல் என்ற முறையில் லேப்டாப்பிலிருந்து கிளம்பும் எல்லாமே ஆபிஸுக்குத்தான் போகும். பக்கத்து அறையில் இருக்கும் பிரின்டரின் முகவரி 192.168 என்று தொடங்குமே, அதைக்கூட லேப்டாப் ஆபிஸ் நெட்வொர்க்கில் போய்த் தேடும். அங்கே அது இல்லை. வேலை ஆபிஸிலிருந்து லேப்டாப் வரைக்கும் பத்திரமாக வந்துவிட்டு, கடைசி பத்தடியைத் தாண்ட முடியாமல் வீட்டு வரிசையில் நிற்கும். விபிஎன்னை நிறுத்தியதும் மடமடவென்று எல்லாம் அச்சாகும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

எளிய தீர்வு யுஎஸ்பி கேபிள். விபிஎன் நெட்வொர்க்கைத்தான் திருப்பிவிடும், யுஎஸ்பியைத் தொடாது. பிரின்டர் கேபிள் என்று கேட்டாலே எந்தக் கணினிக் கடையிலும் கொடுப்பார்கள். ஒரு முனை சாதாரண யுஎஸ்பி, மறுமுனை சதுரமாக இருக்கும். புது லேப்டாப்பில் சி வகை போர்ட் மட்டும் இருந்தால் அதற்கு ஒரு மாற்றியும் சேர்த்து வாங்குங்கள். சொருகியதும் விண்டோஸில் அதே பிரின்டர் இரண்டாவது பெயரில் வரும், இனி அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய வைஃபை பெயரிலேயே பிரின்ட் கொடுத்துவிட்டுக் கேபிள் போட்டும் வரவில்லை என்று சொல்பவர்கள் உண்டு.

கேபிள் ஒத்துவராது என்றால் விபிஎன் மென்பொருளின் செட்டிங்ஸில் "அலவ் லோக்கல் லேன் ஆக்சஸ்" என்பதுபோல ஒரு டிக் இருக்கிறதா பாருங்கள். அது தெரிந்தாலும், ஆபிஸ் பக்கம் அனுமதித்திருந்தால்தான் வேலை செய்யும்.

அபூர்வமாக இன்னொன்று நடக்கும். வீட்டு ரவுட்டரும் ஆபிஸ் நெட்வொர்க்கும் ஒரே முகவரி வரிசையைப் பயன்படுத்தினால், உதாரணமாக இரண்டுமே 192.168.1 என்றால், லேப்டாப் குழம்பும். வீட்டு ரவுட்டரின் வரிசையை வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டால் தீரும்.

விபிஎன்னே இல்லை, ஆனாலும் பிரின்டர் அடிக்கடி ஆஃப்லைன்.

விலை குறைந்த வீட்டுப் பிரின்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒரே ரவுட்டரின் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போதும். ஆனால் ஒன்று கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி வைஃபை) மாட்டியிருந்தால் ஒன்றையொன்று பார்க்காது.

அப்புறம் முகவரி. மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் பிரின்டருக்குப் புது முகவரி கொடுத்துவிடக்கூடும், லேப்டாப் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய்ப் பிரின்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிட்டு, விண்டோஸில் "ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்" என்று அந்த முகவரியைக் கொடுத்துச் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் தானாகச் சேர்க்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டைவிட இது நிலையானது என்பது என் அனுபவம். இதற்குப் பிறகும் பிரின்டர் உயிரோடு இருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டினால், அந்தப் போர்ட்டின் அமைப்பில் "எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

வரிசையில் ஒரு வேலை "டிலீட்டிங்" என்று சொல்லிக்கொண்டே நகராமல் நிற்கிறது.

லேப்டாப்பில் என்றால் நீங்களே செய்யலாம். "சர்வீசஸ்" திறந்து பிரின்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள், சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்று உள்ளே போய் அந்தக் கடைசி ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஸ்பூலரை மறுபடி ஓடவிடுங்கள். ஆபிஸ் பக்கம் நிற்கிறது என்றால், அது பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வராக இருக்கலாம், அங்கே ஸ்பூலரை நிறுத்தினால் மற்றவர்கள் கொடுத்த பிரின்டும் போய்விடும். சைன் அவுட் செய்து திரும்ப நுழைந்து பாருங்கள், அப்போதும் நின்றால் ஐடியிடம் விடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் பிரின்டர் விளக்கு மின்னிக்கொண்டு தாள் கேட்கிறது. தட்டு நிறையத் தாள் இருக்கிறதே?

அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறீர்களா? அங்கே இருக்கும் கணினியிலும் அவர்கள் அனுப்பும் ஃபைலிலும் தாள் அளவு லெட்டர் என்றிருக்கும், அதாவது 216க்கு 279 மில்லிமீட்டர். உங்கள் தட்டில் இருப்பது ஏ4, 210க்கு 297. பிரின்டர் லெட்டர் தாளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அவசரத்துக்குப் பிரின்டரில் ஓகே அல்லது தொடரும் பொத்தானை அழுத்தினால் பல மாடல்களில் ஏ4-இலேயே அடித்துவிடும். பிடிஎஃப் என்றால் பிரின்ட் பெட்டியில் "ஃபிட்" தேர்ந்தெடுங்கள். வேர்டு என்றால் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, பிரின்ட் பகுதியில் ஏ4-க்கும் லெட்டருக்கும் தானாக அளவு மாற்றும் ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள். மூல ஃபைலின் தாள் அளவை மட்டும் மாற்றிச் சேமித்துவிடாதீர்கள், அங்கே அவர்களுக்குப் பக்க எண்ணெல்லாம் இடம் மாறிவிடும்.

இருபது பக்கம் வருவதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம் போலிருக்கிறது. வேகமாக்க முடியுமா?

ஸ்கேன் செய்த பக்கங்கள், முழுப்பக்க வண்ணப் படங்கள் என்றால் ஒவ்வொரு பக்கமும் கனமான தரவாக ரிமோட் இணைப்பு வழியாக வர வேண்டும். கறுப்பு வெள்ளை போதும் என்றால் அப்படிக் கொடுங்கள், தரத்தை அங்குலத்துக்கு 600-லிருந்து 300 புள்ளிக்குக் குறையுங்கள். அனுமதி இருந்தால் இதைவிட நல்ல வழி, ஆபிஸ் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி, அதை லேப்டாப்புக்குக் கொண்டுவந்து லேப்டாப்பிலிருந்து அடிப்பது. "லோக்கல் ரிசோர்சஸ்" தாவலில் "மோர்" கொடுத்து டிரைவ்களுக்கு டிக் போட்டிருந்தால், ரிமோட்டுக்குள் உங்கள் லேப்டாப்பின் டிரைவ் தெரியும்.

பிடிஎஃப் ஆக்கும்போது ஒன்று கவனியுங்கள். பட்டியலில் "மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்" இரண்டு தடவை இருக்கும். வெறும் பெயராக இருப்பது ஆபிஸ் கணினியில் சேமிக்கும். ரீடைரக்டட் என்று இருப்பது லேப்டாப்பில் சேமிக்கும், அது கேட்கும் "எங்கே சேமிக்க?" என்ற பெட்டியும் லேப்டாப் பக்கம்தான் திறக்கும். ரிமோட் ஜன்னல் திரை முழுக்க இருந்தால் அந்தப் பெட்டி பின்னால் ஒளிந்துகொள்ளக்கூடும், நீங்கள் கணினி தொங்கிவிட்டது என்று நினைப்பீர்கள். ஜன்னலைச் சுருக்கிப் பாருங்கள், காத்துக்கொண்டிருக்கும்.

ஆபிஸில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது, வீட்டில் அடித்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.

ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவந்து அடித்திருப்பீர்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணம் உள்ளுக்குள் ஆங்கிலக் குறிகள்தான், எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். ரிமோட்டுக்குள்ளிருந்தே பிரின்ட் கொடுத்தால் எழுத்தின் வடிவமும் கூடவே வருவதால் இந்தச் சிக்கல் இல்லை. ஃபைலாகத்தான் வேண்டும் என்றால் ஆபிஸ் கணினியில் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள். யூனிகோடில் அடித்ததற்கு இந்தத் தொல்லை கிடையாது.

எனிடெஸ்க், டீம்வியூவர், சிட்ரிக்ஸ், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் மாதிரி வேறு மென்பொருள் வழியாக ஆபிஸ் கணினிக்குள் நுழைந்தால்?

எனிடெஸ்கிலும் டீம்வியூவரிலும் ரிமோட் பிரின்டிங் இருக்கிறது, ஆனால் ஆபிஸ் கணினியில் அவற்றின் பிரின்டர் டிரைவரும் சேர்த்து நிறுவப்பட்டிருக்க வேண்டும். நிறுவாமல் அப்படியே ஓடவிட்டிருந்தால் பட்டியலில் வராது. சிட்ரிக்ஸுக்குச் சொந்த டிரைவர் உண்டு, வொர்க்ஸ்பேஸ் செயலியை நிறுவி நுழைவதே நல்லது. பிரவுசருக்குள்ளேயே திறந்தால் பிரின்ட் ஒரு பிடிஎஃப் ஆக வரும், அதை நீங்கள் தனியாக அடிக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் பிரவுசர் வழி ரிமோட்டும் அப்படியே. குரோம் ரிமோட்டில் ஃபைலைக் கொண்டுவந்து அடிப்பதுதான் எளிது. கூகுள் கிளவுட் பிரின்ட் வைத்துச் செய்யச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள், அந்தச் சேவை 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப் 2024-இலிருந்து விண்டோஸ் ஆப் என்ற பெயரில் இருக்கிறது. சேமித்த இணைப்பைத் திருத்தும் இடத்தில் பிரின்டருக்கு ஒரு டிக் உண்டு.

பிரின்டரோடு இருக்கும் ஸ்கேனரையும் ஆபிஸ் கணினி எடுத்துக்கொள்ளுமா?

ரிமோட் டெஸ்க்டாப் பிரின்டரைக் கடத்துவதுபோல ஸ்கேனரைக் கடத்தாது. லேப்டாப்பில் ஸ்கேன் செய்து, ஃபைலை ரிமோட்டுக்குள் கொண்டுபோங்கள்.

மின்சாரம் போனால்? இன்வெர்ட்டரில் போடலாமா?

இங்க்ஜெட், இங்க் டேங்க் பிரின்டர்கள் கொஞ்சம்தான் இழுக்கும், போடலாம். லேசர் பிரின்டரைத் தயவுசெய்து இன்வெர்ட்டரிலும் சின்ன யுபிஎஸ்ஸிலும் போடாதீர்கள். மையைத் தாளில் பதிய வைக்கும் ஃபியூசர் சூடாகும் நேரத்தில் திடீரென்று நிறைய மின்சாரம் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்காமல் டிரிப் ஆகும், அதோடு சேர்ந்து ரவுட்டரும் அணையும், ரிமோட்டும் போகும்.

ரவுட்டரும் லேப்டாப்பும் ஓடி, பிரின்டர் மட்டும் அணைந்திருக்கும் நேரத்தில் கொடுத்த பிரின்ட் வீட்டு வரிசையில் காத்திருக்கும். மின்சாரம் வந்ததும் அடித்துத் தள்ளும். வீட்டில் விருந்தாளி இருக்கும்போது ஒரு ரகசிய ஆவணம் அப்படி வெளியே வருவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள், ஆகவே தேவையில்லாததை வரிசையிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இங்க் டேங்க் வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அடியுங்கள், சும்மா கிடந்தால் முனை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழையில் தாள் கட்டைத் திறந்து போட்டால் ஈரம் இழுத்து இரண்டிரண்டாகப் போகும், மீதியை உறையிலேயே மூடி வையுங்கள்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். ஐடிக்கு என்ன எழுதுவது?

"பிரின்ட் வரவில்லை, அவசரம்" என்று மட்டும் எழுதினால் அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்டு, நீங்கள் பதில் எழுதி, அதிலேயே ஒரு நாள் போகும். இப்படி எழுதுங்கள்:

"வீட்டு லேப்டாப் விண்டோஸ் 11, ஆபிஸ் கணினிக்கு ரிமோட் டெஸ்க்டாப், விபிஎன் இணைப்பில். பிரின்டர் யுஎஸ்பியில் இருக்கிறது, விபிஎன் ஓடும்போது லேப்டாப் நோட்பேடிலிருந்து பிரின்ட் வருகிறது. லோக்கல் ரிசோர்சஸில் பிரின்டர்ஸ் டிக் இருக்கிறது, துண்டித்து மறுபடி இணைந்தும் பார்த்தேன். ஆபிஸ் கணினியின் பட்டியலில் ரீடைரக்டட் என்று எந்தப் பிரின்டரும் இல்லை. கொள்கையில் மூடப்பட்டிருக்கிறதா, அல்லது ஸ்பூலர், போர்ட் ரீடைரக்டர் சேவைகள் நின்றிருக்கின்றனவா என்று பார்க்க முடியுமா? மூடப்பட்டிருந்தால் அனுமதிக்கு யாரிடம் எழுத வேண்டும்?"

பட்டியலில் பிரின்டர் இருந்தும் வரவில்லை என்றால் கடைசிப் பாதியை மாற்றி, வேலை எந்த வரிசையில் நிற்கிறது, அங்கே என்ன நிலை காட்டுகிறது என்று எழுதுங்கள். இரண்டு வரிசைகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள், ஆவணத்தின் பெயர் வெளியே போகக்கூடாதது என்றால் அதை மட்டும் மறைத்துவிட்டு.